பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன்: ஷாக் அடிக்காதபடி வயரிங் செய்யும் முறை

6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஏறக்குறைய 30 வாட்தான் இழுக்கும். 230 வோல்ட்டில் அது கால் ஆம்பியர்கூட இல்லை. 'சின்ன லோடுதானே' என்று கைக்குக் கிடைத்த வயரை இழுத்து மாட்டுவது இதனால்தான். ஆனால் வெறுங்காலும் ஈரக்கையுமாக நிற்கிற இடம் அது. 30 மில்லி ஆம்பியருக்கு மேல் உடம்பில் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து; 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு (லோடு அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) அந்தக் கசிவு தெரியவே தெரியாது. காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கசிவு தெரிந்ததும் கரன்ட்டைத் துண்டிக்கும் கருவி) நல்ல எர்த்தும்தான். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், உடனே விழ (கரன்ட் நிற்க) வேண்டும். வீட்டில் அது இல்லையென்றால் உரிமம் பெற்ற வயர்மேனை வைத்து முதலில் அதைப் போடுங்கள். அதுவரை ஃபேன் காத்திருக்கட்டும்.

வாங்க வேண்டியவை: சிவப்பு, கறுப்பு, பச்சை நிறங்களில் 1 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பர் வயர் (அளந்த தூரத்தைவிட 1 மீட்டர் கூடுதலாக), 6 ஆம்பியர் சுவிட்ச், பிவிசி பைப், மூடியோடு கூடிய ஜங்ஷன் பாக்ஸ் (வயர்களை இணைக்கும் பெட்டி), கனெக்டர், டெஸ்டர்.

1. ஃபேனை ஷவரிலிருந்து 60 செ.மீ.க்கு மேல் தள்ளி, உயரத்தில் வெளிச்சுவரில் பொருத்துங்கள். சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே.

2. எம்.சி.பி.யை இறக்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். மெயினை அணைத்தாலும் லைட் லைனில் இன்வெர்ட்டர் கரன்ட் வந்துகொண்டிருக்கும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். டெஸ்டரை முதலில் கரன்ட் உள்ள பிளக்கில் வைத்து, எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு வேலை செய்யும் போர்டில் வையுங்கள்.

3. லைனை லைட் போர்டிலிருந்து எடுங்கள், கீசரிலிருந்து வேண்டாம். 1 ஸ்கொயர் வயர் சூடாகி இன்சுலேஷன் கெட்டாலும் கீசரின் 20 ஆம்பியர் எம்.சி.பி. விழாமல் இருக்கக்கூடும்.

4. சிவப்பு (பேஸ்) சுவிட்ச் வழியாகத்தான் ஃபேனுக்குப் போக வேண்டும். கறுப்பு (நியூட்ரல்) நேராகப் போகட்டும். நியூட்ரலில் சுவிட்ச் வைத்தாலும் ஃபேன் ஓடும், நிற்கும். ஆனால் நின்ற ஃபேனிலும் பேஸ் இருக்கும். துடைக்கப் போகிறவருக்கு அடிக்கும்.

5. பச்சையை மெட்டல் பாடியின் எர்த் ஸ்க்ரூவில் முடுக்குங்கள். எர்த் முனையே இல்லாத பிளாஸ்டிக் ஃபேன் என்றால் பச்சை வயரின் நுனியை டேப் சுற்றிப் பாக்ஸுக்குள்ளேயே விட்டுவிடுங்கள்.

6. வயர் நுனியை 8 மி.மீ. சீவி, இழைகளை முறுக்கி, கனெக்டரில் இறுக்குங்கள். இழுத்தால் வரக் கூடாது, வெளியே செம்பு தெரியக் கூடாது. வயர் பாக்ஸுக்குள் கீழ்ப்பக்கமாக நுழையட்டும், மேலிருந்து இறங்கினால் நீராவித் தண்ணீர் வயரோடு வழிந்து கனெக்டருக்கே வந்துவிடும்.

பாக்ஸை மூடிய பிறகே எம்.சி.பி.யை ஏற்றுங்கள். கதவைச் சாத்தி, அடி இடுக்கில் டிஷ்யூ காகிதம் பிடித்தால் உள்ளே இழுக்க வேண்டும். காற்று உள்ளே வர அந்த இடுக்கு போதவில்லையென்றால் எந்த ஃபேனாலும் காற்றைச் சரியாக வெளியே தள்ள முடியாது.

சுவிட்ச் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறதா? பெரும்பாலும் பேஸ் ஒரு லைனிலிருந்தும் நியூட்ரல் வேறொரு லைனிலிருந்தும் வந்திருக்கும். இரண்டையும் ஒரே லைனுக்கு மாற்றுங்கள். முனகுகிறது, சுற்றவில்லை என்றால் உடனே அணையுங்கள். ஷட்டரோ புஷ்ஷோ (தண்டு சுழலும் வளையம்) சிக்கியிருக்கலாம். அப்படியே விட்டால் மோட்டார் காயில் கருகிவிடும்.