வாய்ப்பேச்சை அன்றே மெயிலில் பதியுங்கள்

வேலையிடத்தில் நடந்த தவறு பற்றிப் புகார் கொடுத்த பிறகு மேலாளர் தனியாகக் கூப்பிட்டு எதையாவது சொன்னால், அன்றைக்கே அவருக்கு ஒரு மெயில் போடுங்கள்: "திங்கள் முதல் நான் இரவு ஷிப்டுக்கு மாற வேண்டும், காரணம் பிறகு தெரிவிக்கப்படும் என்று இன்று மதியம் சொன்னீர்கள். நான் புரிந்துகொண்டதில் தவறிருந்தால் திருத்தவும்." அவ்வளவுதான். கோபமோ குற்றச்சாட்டோ அதில் வேண்டாம்.

புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கினார்களா என்ற விவகாரத்தில் விசாரிப்பவர்கள் முதலில் பார்ப்பது தேதிகளின் வரிசையைத்தான்: புகார் எப்போது, மெமோ எப்போது, இடமாற்றம் எப்போது. சம்பவம் நடந்த அன்றே எழுதியதற்கு, மாதக்கணக்கில் கழித்து நினைவிலிருந்து சொல்வதைவிட மதிப்பு அதிகம். அவர் மறுப்பதானாலும் எழுத்தில்தான் மறுக்க வேண்டும். பதிலே போடாவிட்டாலும் உங்கள் மெயில் பதிவில் நிற்கும். உங்கள் அலுவலக மெயில் கணக்கை எந்த நேரமும் முடக்கலாம் என்பதால் தேதியையும் பேச்சையும் சொந்த நோட்டிலும் குறித்து வையுங்கள். நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களை மட்டும் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். வேலையைவிட்டு நீக்க அதையே சாக்காக்கிவிடுவார்கள்.

அடிதடி, கொலை மிரட்டல், பாலியல் சீண்டல் என்றால் இந்த வழி சரிப்படாது. சம்பந்தப்பட்டவருக்கே எழுதிக்கொண்டிருக்காமல் நேராகப் புகார்க் குழுவுக்கோ காவல்துறைக்கோ போங்கள். சட்டப்படி புகார் கொடுப்பதற்கான கெடுவும் இந்த மெயிலால் நீளாது.