கார் ஓட்டும் பெரியவருக்குப் போனையும் வண்டியையும் தயார் செய்வது எப்படி?

அறுபது, எழுபதைத் தாண்டியும் உங்கள் அப்பாவோ வாப்பாவோ கீழக்கரைக்கும் ராமநாதபுரத்துக்கும் தாமே காரை எடுத்துப் போகிறாரா? சாவியைப் பிடுங்கிவிடாதீர்கள். ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து இவற்றைச் செய்து கொடுங்கள்.

1. கூகுள் மேப்ஸில் அவருடைய படத்தைத் தொட்டு, அமைப்புகளில் நேவிகேஷன் பகுதியைத் திறந்து, குரலைத் தமிழுக்கு மாற்றுங்கள். வேகமானியையும் ஆன் செய்யுங்கள். போகிற இடத்தை வண்டி கிளம்பும் முன்பே போட்டுவிட வேண்டும். ஓடும்போது திரையைத் தொடவே கூடாது.

2. தனுஷ்கோடிப் பக்கம் சிக்னலை நம்ப முடியாது. வீட்டு வைஃபையிலேயே மாவட்டம் முழுவதையும் ஆஃப்லைன் மேப்பாக இறக்கி வையுங்கள்.

3. அவர் எங்கே இருக்கிறார் என்று உங்கள் போனில் காட்டும் இருப்பிடப் பகிர்வை அவரைக் கேட்டுவிட்டே ஆன் செய்யுங்கள். இதில் நான் கண்டிப்பு. சொல்லாமல் வைத்தால், தெரியவரும் நாளில் போனையே வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

4. ஆண்ட்ராய்டு போன் என்றால் அமைப்புகளில் அவசரகால எஸ்ஓஎஸ் இருக்கும். பல போன்களில் பவர் பட்டனை ஐந்து முறை வேகமாக அழுத்தினால் அவசர உதவி எண்ணான 112-க்கு அழைப்பு போகும். ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை, உங்கள் எண் எல்லாவற்றையும் அவசரத் தகவலில் எழுதி வையுங்கள். பூட்டிய திரையிலிருந்தே மற்றவர்கள் பார்க்கலாம்.

5. இனி கார். நம் ஊரில் நிறையப் பேர் விடுவது இதைத்தான். கடற்காற்றில் வரும் உப்பு ரிவர்ஸ் கேமராவிலும் பார்க்கிங் சென்சாரிலும் படிந்து, திரையில் எல்லாம் பனி மூடியதுபோல் தெரியும். தானாகப் பிரேக் பிடிக்கும் புது வண்டிகளில் கேமரா முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். கண்ணாடி மங்கினால் அதற்கும் பார்வை மங்கும். முதலில் தண்ணீர் ஊற்றி மணலைக் கழுவுங்கள், அப்புறம் ஈரத்துணி, கடைசியில் உலர்ந்த துணி. வெறும் துணியால் தேய்த்தால் மணல் கீறிவிடும்.

6. உப்பு படிந்த கண்ணாடியில் எதிர் வண்டி விளக்கு பட்டால் ஒளி அப்படியே பரவும். வயதான கண் அதிலிருந்து மீளவும் நேரமாகும். அதனால் மேப்ஸில் வந்துசேரும் நேரத்தைப் பொழுது சாய்வதற்கு முன் வைத்து, எப்போது கிளம்புவது என்று பாருங்கள்.

பாம்பன் பாலத்தில் மட்டும் எந்தக் கருவியையும் நம்ப வேண்டாம். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டுக் காற்று, நடுவில் வேடிக்கை பார்க்க நிற்கும் வண்டிகள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், வேகம் குறைவாக, முன்வண்டிக்கு நல்ல இடைவெளி.

7. உரிமத் தேதியையும் பாருங்கள். 55 வயதுக்குமேல் புதுப்பித்தால் 5 ஆண்டுக்குத்தான் கிடைக்கும். மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும். அதற்குப் போகும்போதே கண்புரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.