பழைய அம்பாசடரைத் திருட்டிலிருந்து காப்பது எப்படி?

2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரின் பழைய பெட்ரோல் வண்டிகளில் மின்னணுப் பூட்டு கிடையாது என்பதால், சாவித்துளைக்குப் பின்னாலுள்ள ஒயர்களை இணைத்தே எஞ்சினைக் கிளப்பிவிட முடியும். ஆகவே வண்டியைப் பல நாள் நிறுத்திவைக்கும்போது, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே தண்டின் தலையில் செருகியிருக்கும் சிறிய ரோட்டாரை மேல்நோக்கி இழுத்தெடுத்துவிட்டு, மூடியைப் பழையபடி மாட்டிவிட வேண்டும். ரோட்டார் இல்லாமல் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் போகாது. எடுத்ததை டாஷ்போர்டிலேயே போட்டுவைப்பவர்களும் உண்டு. அது வீட்டுக்குள் இருக்க வேண்டிய பொருள். ஸ்பார்க் பிளக்கே இல்லாத டீசல் வண்டிக்கு இந்த வழி உதவாது. கயிறு கட்டி இழுத்துச் செல்வதைத் தடுக்கச் சக்கரத்துக்குத் தனிப்பூட்டு தேவை. சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் படமெடுத்து வைத்திருந்தால், காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது தடுமாற நேராது.