காட்டில் பூஜ்யம் போடும் முன்

கிண்டி தேசியப் பூங்காவில் நாலு நாள் பழகிவிட்டு, சென்ட்ரலில் ரயில் ஏறி வால்பாறைக்குக் காட்டு விலங்குகளைக் கணக்கெடுக்கப் போகும் பிள்ளைகளை வருஷாவருஷம் பார்க்கிறேன். கிண்டி மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லாத சமதளம். புள்ளிமான் நம்மைப் பார்த்தும் மேய்ந்துகொண்டிருக்கும். அந்தக் கண்ணோடு மழைக்காட்டுக்குள் போனால் என்ன ஆகும்? நானும் அப்படிப் போனவன்தான். அட்டைக்கடிக்கு உப்பு, மாற்றுச் சட்டை எல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். நான் சொல்ல வருவது கணக்கெடுப்பில் செய்யும் தவறுகளை.

'பார்க்கவில்லை' என்பதை 'இல்லை' என்று எழுதுவது

ஆனைமலையில் ஒரு சரிவில் மூன்று நாள் காலை நடந்தேன். மூன்று நாளும் மூட்டம். இருபது மீட்டருக்கு அப்பால் மரமே தெரியவில்லை. தாளில் சோலைமந்திக்கான (சிங்கவால் குரங்கு) கட்டத்தில் 0 போட்டேன். அது அறிக்கையில் ஏறி, வரைபடத்தில் வெற்றிடமாகி, பாதுகாக்க வேண்டிய இடங்களின் பட்டியலிலிருந்து அந்தச் சரிவே விழுந்துபோனது.

அடுத்த வருஷம் வேறு வேலையாகப் போனபோது, கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் தரையில் கிடந்த வெடிப்பலா என்ற காட்டு மரத்துக் காயின் முள்தோலைக் காலால் புரட்டினார். விதை இல்லை. மலையணில் தின்றிருக்கலாமே என்றேன். பேசாமல் மேலே கை காட்டினார். கிளையில் பிடரி மயிரோடு சோலைமந்தி ஒன்று உட்கார்ந்திருந்தது. "காய்க்கிறப்ப கூட்டமே இங்கதான் சார் கிடக்கும். போன வருஷம் என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

இருக்கிற விலங்கு ஒரு தடவை போனால் கண்ணில் படும் வாய்ப்பு 30 சதவீதம் என்று வையுங்கள். மூன்று தடவை போயும் தவறவிடும் வாய்ப்பு 34 சதவீதம். ஐந்து தடவை போனாலும் 17. அதனால்தான் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகச் சொல்கிறோம். எத்தனை மணி நேரம் நடந்தோம், மூட்டமா, மழையா என்று ஒவ்வொரு தடவையும் குறிக்க வேண்டும். அது இருந்தால் தவறவிட்டதைக் கணக்கிலாவது சரிக்கட்டலாம். போன மாதம் ஒரு தாள் வந்தது: வரிசையாக 11 பூஜ்யம், நேரம் எழுதும் கட்டம் காலி. அதை வைத்து நான் என்ன செய்ய?

எஸ்டேட் ரோட்டிலேயே நடப்பது

ரோட்டோர விலங்குதான் கணக்கில் வரும்.

சரிவை மறப்பது

30 பாகைச் சரிவில் 100 மீட்டர் நடந்தால் வரைபடத்தில் அது சுமார் 87 மீட்டர்தான். நடந்ததையே நீளமாக எடுத்தால் பரப்பு கூடி, விலங்குகளின் அடர்த்தி குறைந்து தெரியும்.

கேமராக் கடிகாரம்

விலங்கு கடக்கும்போது தானே படமெடுக்கக் காட்டில் கட்டிவைக்கும் கேமராவில் பேட்டரி மாற்றினால் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். நட்டநடுப் பகல் 12 மணி என்று பதிவான, கும்மிருட்டில் நிற்கும் முள்ளம்பன்றிப் படம் என்னிடம் இன்னும் இருக்கிறது.