உலோகத் தொழிலில் நிர்வாகமும் தொழிற்சங்கமும் தொடர்ந்து பேசுவதற்கான வழிமுறை

உலோகத் தொழிற்சாலைகள் பலவற்றில் நிர்வாகமும் தொழிற்சங்கமும் எதிரெதிரே அமர்வது, ஊதிய ஒப்பந்தம் காலாவதியாகும்போதோ விபத்து நடந்த மறுநாளோதான். அந்த நேரத்தில் இரு தரப்பும் முறுக்கேறி இருக்கும். நிதானமாகப் பேசித் தீர்த்திருக்கக்கூடிய விஷயமும் கௌரவப் பிரச்சினையாகிவிடும். ஆகவே ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும் காலத்திலேயே தவறாமல் கூடும் ஓர் இருதரப்புக் குழுவை அமைப்பது நல்லது. அதை எப்படி அமைப்பது, எதில் தொடங்குவது என்பதை இங்கே பார்க்கலாம்.

முதலில் பேச வருபவர்கள் யார் என்பது தெளிவாக வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 87ஆம் எண் உடன்படிக்கை (1948) சங்கம் அமைக்கும் உரிமையையும், 98ஆம் எண் உடன்படிக்கை (1949) கூட்டாகப் பேரம் பேசும் உரிமையையும், 135ஆம் எண் உடன்படிக்கை (1971) தொழிலாளர் பிரதிநிதிகளுக்கான பாதுகாப்பையும் வசதிகளையும் வரையறுக்கின்றன. இவற்றின் சாரம் எளிது: தொழிலாளர் தரப்பில் உட்காரப்போவது யார் என்பதைத் தொழிலாளர்களே முடிவுசெய்ய வேண்டும், அப்படிப் பேசியதற்காக அவர்கள் பணிமாற்றத்துக்கோ பணிநீக்கத்துக்கோ ஆளாகக் கூடாது. நிர்வாகத் தரப்பிலும் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் இருந்தாக வேண்டும். ‘மேலே கேட்டுச் சொல்கிறேன்’ என்று மட்டுமே சொல்லக்கூடியவரை அனுப்பினால் குழு சில மாதங்களிலேயே உயிரிழந்துவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால் யாருக்கு எத்தனை இடம் என்பதை உறுப்பினர் எண்ணிக்கையின் அடிப்படையில் முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். வார்ப்பாலையில் மணல் தட்டுவதும் பிசிறு நீக்குவதும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் வேலையாக இருக்கும் இடங்களில், அவர்களின் குரல் இல்லாத குழு ஆலையின் மிக ஆபத்தான பகுதியைப் பற்றி எதுவும் அறியாத குழுவாகவே இருக்கும்.

அடுத்து, கோரிக்கைகளைத் தொடுவதற்கு முன் நடைமுறை விதிகளில் உடன்பட வேண்டும். கூட்டம் எத்தனை நாளுக்கு ஒருமுறை, தலைமை யாருக்கு, நிகழ்ச்சி நிரல் எப்போது கைக்கு வரும், எழுப்பிய கேள்விக்கு எத்தனை நாளில் எழுத்துப்பூர்வமான பதில், உடன்பாடு எட்டாவிட்டால் அடுத்த படி என்ன என்பவை அதில் இடம்பெற வேண்டும். தலைமையை இரு தரப்பும் மாறி மாறி ஏற்பது பெரும்பாலும் சிக்கலின்றி நடக்கும். காலக்கெடுவின் மதிப்பை அறிய சுவீடனைப் பார்க்கலாம். அங்கு உலோகத் தொழில் உள்ளிட்ட தொழில்துறைச் சங்கங்களும் முதலாளிகள் அமைப்புகளும் 1997இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பழைய ஒப்பந்தம் முடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே பேச்சு தொடங்க வேண்டும். கடைசி மாதத்தில் நடுநிலையாளர்கள் உள்ளே வருவார்கள். கடைசி நாளின் நெருக்கடியில் முடிவெடுக்கும் பழக்கத்தை இத்தகைய ஏற்பாடு பெருமளவு குறைக்கும்.

கலந்தாலோசனையையும் ஊதியப் பேரத்தையும் ஒரே மேசையில் கலக்காமல் இருப்பதும் முக்கியம். ஜெர்மனியில் பல ஆலைகளுக்குப் பொதுவான ஊதிய ஒப்பந்தத்தை (துறை ஒப்பந்தம்) ஐ.ஜி. மெட்டால் தொழிற்சங்கமும் உலோகத் தொழில் முதலாளிகளின் வட்டாரச் சங்கங்களும் பேசி முடிக்கின்றன. ஆலைக்குள் ஷிப்ட் அட்டவணை, மிகைநேரம் போன்றவற்றைத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் வேறொரு மன்றம் கவனிக்கிறது, அந்த மன்றம் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விட முடியாது. துறை ஒப்பந்தத்திலிருந்து ஓர் ஆலை விலகவே முடியாதா என்ற கேள்விக்கு 2004இல் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் எட்டிய உடன்பாடு விடை தந்தது: வேலைவாய்ப்பைக் காக்கத் தேவையானால், துறை மட்டத்தில் கையெழுத்திட்ட இரு தரப்பின் ஒப்புதலோடு விலகலாம்.

குழுவின் முதல் பொருளாகப் பாதுகாப்பை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான பரிந்துரை. இதில் இரு தரப்பின் நலனும் ஓரளவு ஒத்துப்போகிறது. தவிர, மற்ற எல்லாப் பிரச்சினைகளும் இதன் வழியே வெளியே வந்துவிடும். கை உள்ளே சிக்காதிருக்க, இரண்டு கைகளாலும் பொத்தான்களை அழுத்தினால் மட்டுமே இயங்கும் பிரஸ் இயந்திரத்தில் ஒரு பொத்தானை யாரோ கட்டிவைத்திருப்பதைக் கூட்டு ஆய்வில் கண்டால், உடனே தொழிலாளிக்குக் குறிப்பாணை கொடுப்பது எளிது. ஏன் கட்டினார் என்று கேட்டால், ஒரு ஷிப்டில் முடிக்க வேண்டிய உருப்படிகளின் எண்ணிக்கையும் அதற்கான ஊக்கத்தொகையும் காரணமாக வெளிப்படலாம். அப்போது உற்பத்தி இலக்கை மறுபரிசீலனை செய்யாமல் பொத்தானைக் கட்டவிடாமல் தடுப்பதில் மட்டும் பயனில்லை.

அளவீடுகளிலும் இதே கவனம் தேவை. வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் சேர்த்தது. எனவே முகக்கவசத்தோடு நிறுத்தாமல், புகை எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி எடுக்கும் ஏற்பாட்டைப் பற்றிப் பேச வேண்டும். புகையையோ இரைச்சலையோ அளப்பதற்கு முன், யார் அளப்பது, எந்த ஷிப்டில், எத்தனை இயந்திரங்கள் ஓடும்போது என்பதைக் குழு எழுதிவைத்தால், முடிவு வந்தபின் ‘அன்றைக்குப் பாதி இயந்திரங்கள் நின்றிருந்தன’ என்ற வாதத்துக்கு இடமிருக்காது.

புதிய இயந்திரங்கள், ரோபோக்கள் பற்றிய தகவலைக் கொள்முதல் ஆணை கையெழுத்தாவதற்கு முன்பே நிர்வாகம் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். வணிக ரகசியம் என்றால் எந்தப் பகுதி, எவ்வளவு காலம் என்று வரையறுத்துக் காட்டலாம். சங்கமும் எத்தனை பேருக்கு வேலை போகும் என்பதோடு நிற்காமல், எந்தெந்த வேலைகள் மாறும், பயிற்சிக் காலத்தில் ஊதியம் என்ன, பயிற்சி முடித்தவரின் தரநிலை உயருமா என்று கேட்க வேண்டும்.

விட்டுக்கொடுப்பது எப்படி இருக்கும் என்பதற்கு 2018இல் ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநில உலோகத் தொழிலில் ஏற்பட்ட ஒப்பந்தம் நல்ல எடுத்துக்காட்டு. ஊதியம் 4.3 சதவீதம் உயர்ந்தது. விரும்பும் தொழிலாளர் இரண்டு ஆண்டுகள் வரை வார வேலைநேரத்தை 28 மணியாகக் குறைத்துக்கொள்ளவும் வழி பிறந்தது. பதிலுக்கு, கூடுதல் பேரை 40 மணிநேர ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளும் வாய்ப்பு நிறுவனங்களுக்குக் கிடைத்தது.

கூட்டம் முடிந்ததும் அன்றே நடவடிக்கைக் குறிப்பில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். உடன்படாத விஷயங்களையும் இரு நிலைப்பாடுகளோடு அதில் பதிவுசெய்ய வேண்டும். மழுப்பலான சொற்களால் அவற்றை மூடினால் அடுத்த கூட்டம் அந்தச் சொற்களின் பொருளைப் பற்றியதாகிவிடும். சங்கப் பிரதிநிதிகள் குறிப்பை இரவு ஷிப்ட் உட்பட எல்லா ஷிப்டுகளிலும் விளக்குவதற்கு வேலைநேரத்திலேயே அனுமதி தர வேண்டும். ஒப்புக்கொண்ட ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரின் பெயரும் தேதியும் குறிக்கப்பட்டிருந்தால், அடுத்த கூட்டத்தை அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்கலாம்.