பெரிய விபத்து வருமா? ஆலைக்குள் எங்கே பார்க்க வேண்டும்

கேட்டுக்குப் பக்கத்தில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று ஒரு போர்டு தொங்குமே, முதலில் அதை நம்புவதை விடுங்கள். கை வெட்டுப்பட்டது, வழுக்கி விழுந்தது, இதைத்தான் அது எண்ணும். டேங்க் வெடிக்குமா என்று அதில் தெரியாது. அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2004இல் காயக்கணக்கு மிகவும் குறைவு. 2005 மார்ச் 23 அன்று அதே ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 15 பேர் செத்தார்கள், 180 பேர் காயப்பட்டார்கள்.

அப்புறம் எதைப் பார்ப்பது? ஒரு நோட்டு எடுத்து, இன்றைக்கு வேலை செய்யாமல் கிடக்கும் பாதுகாப்புக் கருவிகளை எழுதுங்கள். எது, எந்தத் தேதியிலிருந்து, யார் நிறுத்தச் சொன்னது, இந்த மூன்றும் போதும். 1984இல் விஷவாயு கசிந்த போபால் ஆலையில் யாராவது இப்படி எழுதியிருந்தால் என்ன இருந்திருக்கும் என்று பாருங்கள்: மீத்தைல் ஐசோசயனேட் என்ற விஷ ரசாயனத்தைக் குளிர்வித்து வைக்கும் குளிர்பதன அமைப்பு ஜூனிலிருந்து நிறுத்தம், கசியும் வாயுவை எரிக்கும் கோபுரத்துக்குப் போகும் குழாய் துருப்பிடித்துக் கழற்றிக் கிடக்கிறது, வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பர் சும்மா நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் இருந்திருக்கும். சேர்த்து ஒரே பக்கத்தில் படித்தால்தான் வயிறு கலங்கும்.

அடுத்த பக்கத்தில் ஆட்கணக்கு. போபாலில் அந்த மீத்தைல் ஐசோசயனேட் யூனிட்டில் ஷிஃப்டுக்கு 12 பேராக இருந்த ஆட்களை 6 ஆக்கினார்கள், பராமரிப்புக்கு இருந்த 6 பேர் 2 ஆனார்கள். சம்பளப் பட்டியலைப் பார்த்தால் போதாது, ராத்திரி ஷிஃப்டில் போய் நின்று தலையை எண்ணுங்கள். தொடர்ந்து எத்தனை நாள் லீவில்லாமல் வருகிறார்கள் என்றும் கேளுங்கள். டெக்சஸ் சிட்டியில் சில ஆபரேட்டர்கள் 29 நாளுக்கு மேல் தினமும் 12 மணி நேரம் பார்த்திருந்தார்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரு கேள்விதான். கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து, “இந்த மீட்டர் காட்டுவதை நம்புவீங்களாண்ணே?” என்று கேளுங்கள். போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு 10.20க்கு, பிறகு கசிந்த அந்த டேங்கில் அழுத்தம் 2 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு), 11 மணிக்கு 10. மீட்டர்கள் அடிக்கடி தப்பாகக் காட்டிப் பழகியதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “அது அப்படித்தான் காட்டும் சார்” என்ற பதில் வந்தால், அந்த மீட்டரையும் நோட்டில் ‘வேலை செய்யாதவை’ பக்கத்தில் சேர்த்துவிடுங்கள், முள் ஆடிக்கொண்டிருந்தாலும் சரி.

பழைய எச்சரிக்கைகளும் வேண்டும். போபாலில் 1981 டிசம்பரிலேயே பாஸ்ஜீன் என்ற விஷவாயு கசிந்து ஒரு தொழிலாளி இறந்தார். 1982இல் அமெரிக்காவிலிருந்து வந்த குழு குறைகளை எழுதிக் கொடுத்தது. பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி அதே ஆண்டு ஊருக்கே எச்சரித்து எழுதினார். உங்கள் ஆலையின் கடைசி ஆய்வறிக்கையை எடுத்து ஒவ்வொரு குறையாக யூனிட்டுக்குப் போய்த் தொட்டுப் பாருங்கள். ‘சரிசெய்யப்பட்டது’ என்று பேப்பரில் டிக் இருக்கும், வால்வு அதே வால்வாக இருக்கும்.

மாதம் ஒருமுறை இந்த நோட்டைப் புதிதாக எழுதி, பழையதோடு ஒப்பிடுங்கள். மூன்று மாதமாகப் பட்டியல் நீண்டுகொண்டே போனால், நகல் எடுத்து ஆலை மேலாளரிடம் தேதி போட்டுக் கொடுங்கள். ஷட்டவுன் முடிந்து யூனிட்டை மறுபடி ஓட்டும்போதுதான் டெக்சஸ் சிட்டியில் வெடித்தது, அதனால் அடுத்த ஸ்டார்ட்-அப் தாளில் உங்கள் கையெழுத்தைக் கேட்டால், பட்டியலில் இருப்பதைச் சரிசெய்யும் வரை போடாதீர்கள்.