பழைய டாம்கேட் சர்வரை மாத்துறீங்களா? எந்த ஜாவா போடணும்னு பாப்போம்

டாம்கேட்ங்கறது ஜாவால எழுதுன வெப் ஆப்ப ஓட்டுற சாஃப்ட்வேர். புது சர்வர் வந்தாச்சு, இருக்குறதுலயே லேட்டஸ்ட் ஜாவாவ போட்டு பழைய வார் ஃபைல (மொத்த ஆப்பையும் கட்டி வச்ச ஒரே ஃபைல்) தூக்கி வச்சா ஓடிடும்னு நம்பி ஒரு சனிக்கிழமை ராத்திரி முழுக்க தூங்காம உக்காந்திருந்தவன் நான். அன்னிக்கு புரிஞ்சது ஒண்ணுதான், எந்த ஜாவாங்கறத ஆப்ல இருக்குற ஆகப் பழைய லைப்ரரிதான் (அடுத்தவங்க எழுதி நாம சேத்துக்கிட்ட கோட்) முடிவு பண்ணும். ஜாவா 8, டாம்கேட் 8.5ல ஓடுற ஒரு பில்லிங் ஆப்னு வச்சுக்கிட்டு பாப்போம்.

மொதல்ல பழைய சர்வர்ல என்ன ஓடுதுன்னு எழுதி வைங்க. கமாண்ட் அடிச்சா வர்ற வெர்ஷன மட்டும் நம்பாதீங்க, ஒரே மெஷின்ல ரெண்டு மூணு ஜாவா கெடக்கும், டாம்கேட் ப்ராசஸ் எந்த பாத்ல இருந்து ஓடுதுன்னு பாருங்க.

அடுத்தது டாம்கேட். 8.5க்கு சப்போர்ட் 2024 மார்ச் 31ஓட முடிஞ்சு போச்சு. சரி 10க்கு போலாம்னு தோணும், அங்கதான் மாட்டுவீங்க. ஜாவா ஈஈய (டாம்கேட் மாதிரி சர்வருக்கான ஜாவா தொகுப்பு) ஆரக்கிள் எக்ளிப்ஸ் ஃபவுண்டேஷன்கிட்ட குடுத்தப்போ அதோட பேக்கேஜ்களுக்கு (கோட் தொகுப்புகளுக்கு) இருந்த ஜாவாக்ஸ்ங்கற பேர அவங்க இஷ்டத்துக்கு மாத்தி யூஸ் பண்ண விடல, அதனால டாம்கேட் 10ல இருந்து பேக்கேஜ் பேரெல்லாம் ஜகார்த்தான்னு மாறிடுச்சு, பழைய வார் அப்படியே ஓடாது. மாத்திக் குடுக்க டாம்கேட் ஆளுங்களே ஒரு டூல் வச்சிருக்காங்க, ஆனா மொத தடவைன்னா 9ஓட நிறுத்திக்கோங்க. ஸ்ப்ரிங் பூட் 3 (ஜாவா ஆப் எழுத உதவுற ஃப்ரேம்வொர்க்) யூஸ் பண்றவங்களுக்கு மட்டும் வேற வழியில்ல, அதுக்கு ஜாவா 17ம் ஜகார்த்தாவும் கட்டாயம்.

இப்போ ஜாவா. டாம்கேட் 9க்கு 8ல இருந்து மேல எதுவும் ஓகே. ஜாவா 11ல ஜாக்ஸ்பி (எக்ஸ்எம்எல் படிக்க, எழுத), ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் (சோப் கால் பண்ண) ரெண்டையும் தூக்கிட்டாங்க, சோப் கால் (எக்ஸ்எம்எல்ல வேற சர்வர்கிட்ட பேசுறது) இருக்குற ஆப்னா அந்த ஜார் (லைப்ரரி ஃபைல்) எல்லாம் நீங்களேதான் சேக்கணும். 17ல ஜாவாவோட உள் க்ளாஸ்கள்ல கை வைக்கிற பழைய லைப்ரரி எல்லாம் எரர் அடிக்கும். எது கை வைக்குதுன்னு ஜேடெப்ஸ்ங்கற டூல் ஓரளவு காட்டிக்குடுக்கும், ஜேடிகே (ஜாவா டெவலப்பர் கிட்) கூடவே வருது. ரிஃப்ளெக்‌ஷன் வழியா (ஓடும்போதே க்ளாஸ பேர் சொல்லித் தேடிப் பிடிச்சு) கை வைக்கிறது அதுல தெரியாது, ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும். என் ஓட்டு 17க்கு, லைப்ரரிய அப்டேட் பண்ணவே முடியாதுன்னா 11. க்ளாஸ் வெர்ஷன் 61னு எரர் வந்தா பயப்படாதீங்க, கோட 17ல கம்பைல் பண்ணிட்டு அதவிட பழைய ஜாவால ஓட்டுறீங்கன்னு அர்த்தம் (8க்கு 52, 11க்கு 55).

என் சனிக்கிழமைய தின்னது ஸ்டார்ட்அப் ஆப்ஷன். மேக்ஸ்பெர்ம்சைஸ்னு (பழைய ஜாவால ஒரு மெமரி அளவு) ஒரு வரி, ஜாவா 8ல சும்மா வார்னிங் குடுத்துட்டு ஓடிட்டிருந்துச்சு, 17ல ஜேவிஎம்மே (ஜாவாவ ஓட்டுற இன்ஜின்) கிளம்பல. சிஎம்எஸ் கார்பேஜ் கலெக்டர் (மெமரிய சுத்தம் பண்ற பழைய முறை) வரி இருந்தாலும் இதே கதைதான். இந்த ஆப்ஷன் எல்லாம் இருக்குற பழைய செட்என்வ் ஃபைல அப்படியே காப்பி அடிக்காதீங்க, வரி வரியா பாத்து சேருங்க.

எழுத்து விஷயத்தையும் கவனிங்க. ஜாவா 18ல இருந்துதான் யூடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா எழுத்தையும் சேமிக்கிற முறை) டிஃபால்ட், 17 வரைக்கும் ஓஎஸ் லொக்கேல் (மொழி, எழுத்து செட்டிங்) சொல்றதத்தான் கேக்கும், புது லினக்ஸ்ல லொக்கேல் சரியா இல்லன்னா கஸ்டமரோட தமிழ் பேரெல்லாம் பில்லுல கேள்விக்குறியா வந்து நிக்கும். ஃபைல் என்கோடிங்க நீங்களே ஆப்ஷன்ல குடுத்துடுங்க.

டேட்டாபேஸ் பழசா இருந்தா கனெக்‌ஷனையும் தனியா டெஸ்ட் பண்ணுங்க, டிஎல்எஸ்ல (நெட்வொர்க்ல போற டேட்டாவ பூட்டி அனுப்புற முறை) பழைய 1.0, 1.1 ரெண்டும் இப்போ ஜாவால டிஃபால்ட்டா ஆஃப்.

எல்லாம் ஓடுதுன்னாலும் மாசக் கடைசி பில்லிங் ஒரு தடவை புதுசுல ஓடி முடியற வரைக்கும் பழைய சர்வர அணைக்காதீங்க.